ஒரே பந்தி: தென்னிந்திய திருச்சபையும் யாழ்ப்பாணத்துச் சபைகளும்

வட்டுக்கோட்டையில் உள்ள ஒரு தேவாலயத்துக்குத் தென்னிந்திய திருச்சபை என்று ஏன் பெயர் வந்தது? வெளியூரிலிருந்து வருபவர்கள் கேட்கும் கேள்வி இது. தெல்லிப்பழை, உடுவில், மானிப்பாய், பண்டத்தரிப்பு ஆகிய ஊர்களிலும் இதே பெயரில் தேவாலயங்கள் இருக்கின்றன. யாவும் இலங்கை மண்ணில் உள்ளவை. வழிபடுவோர் ஈழத்துத் தமிழர். பெயரோ கடலுக்கு அப்பாலுள்ள நிலத்தைக் குறிக்கிறது. ஆனால் ஊரில் ஒரு முதியவரிடம் விசாரித்தால் அவர் இப்பெயரைச் சொல்லமாட்டார். “அமெரிக்கன் மிஷன் கோயிலைத்தானே கேட்கிறீர்கள்?” என்று வழி காட்டுவார்.

ஏட்டில் ஒரு பெயர், நாவில் இன்னொரு பெயர். இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையே இரு நூற்றாண்டு வரலாறு அடங்கிக் கிடக்கிறது. பல சபைகள் கூடி ஒன்றாகும்போது, கூடியவர்களின் பழைய அடையாளம் என்னவாகிறது என்ற கேள்வியும் அங்கேதான் எழுகிறது. இவ்வாரம் நாம் நோக்கவிருப்பது அதனையே.

தமிழ் நிலத்துக்குப் புரட்டஸ்தாந்து சமயம் ஒரே வழியாக வந்துவிடவில்லை. 1706ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு லூத்தரன் மரபினர். 1814இல் இலங்கைக்கு வந்தோர் வெஸ்லியன் மெதடிஸ்தர். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தனர். 1818இல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த சி.எம்.எஸ். சங்கத்தின் யோசேப்பு நைற் நல்லூரை வந்தடைந்தார். யாழ்ப்பாணக் குடாநாடு சிறியது. அங்கே மூன்று மிஷன்களும் ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று புகாதவாறு ஊர்களைப் பங்கிட்டுக்கொண்டன. யாழ் நகரும் பருத்தித்துறையும் மெதடிஸ்தரின் களமாயின. நல்லூர், சுண்டிக்குளி, கோப்பாய் ஆகியன அங்கிலிக்கன் பக்கம். வலிகாமத்தின் பெரும்பகுதி, தீவுகள், சாவகச்சேரி, உடுப்பிட்டி ஆகிய இடங்களில் அமெரிக்கர் பணியாற்றினர்.

இந்தப் பங்கீட்டின் விளைவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பேராயர் வேண்டுமா வேண்டாமா, சபையை ஆள்பவர் யார் என்பன பற்றி இங்கிலாந்திலே பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் பெரும் பிணக்குகள் நடந்தன. அதன் பயனாகப் பிரிந்தவையே அங்கிலிக்கன், பிரெஸ்பிற்றேரியன், கொங்கிரிகேஷனல் எனும் பிரிவுகள். மெதடிஸ்தம் பதினெட்டாம் நூற்றாண்டிலே தோன்றியது. நம்மவர் எவரும் அந்தப் பிணக்குகளில் பங்குகொண்டதில்லை. ஆயினும் கோப்பாயிலே பிறந்த கிறிஸ்தவர் அங்கிலிக்கன் ஆனார். உடுவிலிலே பிறந்தவர் கொங்கிரிகேஷனல் ஆனார். பருத்தித்துறையார் மெதடிஸ்தர் ஆனார். கொள்கை ஆய்ந்து ஏற்ற முடிவன்று அது. பிறந்த ஊர் எந்த மிஷனின் பங்குக்கு வந்ததோ அதுவே அவருடைய சபையாயிற்று. இரண்டு மூன்று தலைமுறைகள் கடந்தபின், அவ்வாறு வந்த பெயரே குடும்பப் பெருமையாகவும் மாறிற்று.

அமெரிக்க மிஷனைப் பற்றி இலக்கிய நெஞ்சம் கொண்ட வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூவர், மெயிக்ஸ், றிச்சட்ஸ், உவாறன் ஆகியோர் 1816இல் கொழும்பை வந்தடைந்தனர். பின் வடக்கே வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கி, ஒல்லாந்தர் காலத்துக்குப்பின் பாழடைந்து கிடந்த பழைய தேவாலயங்களைத் திருத்தி எடுத்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை, 1841இல் உதயதாரகை, 1847இல் வந்த வைத்தியர் கிறீன் மானிப்பாயிலே தமிழில் நடத்திய மேலைத்தேய மருத்துவக் கல்வி, 1862இல் சென்னையிலே வெளிவந்த வின்ஸ்லோவின் அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள். இவை யாவும் நாம் அறிந்தவை. நாம் அதிகம் கவனியாத ஒன்று, அச்சபைகளின் உள்ளமைப்பு. கொங்கிரிகேஷனல் மரபிலே பேராயர் இல்லை. சபையார் கூடித் தம் காரியங்களைத் தாமே தீர்மானிப்பர். ஊர்ப் பொதுக்கூட்டம் போன்ற இந்த வழக்கம் நம்மவரின் இயல்புக்கு வெகுவாகப் பொருந்திற்று.

இனி, இந்தியப் பெயர் எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். இந்தியாவிலிருந்துதான் எல்லாம் இங்கே வந்தது என்று எண்ணுவோர் உளர். இவ்விடயத்திலே ஓட்டம் மறுதிசையிலும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்த மெதடிஸ்த மிஷனரி ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் சென்னைக்குச் சென்றார். தென்னிந்திய மெதடிஸ்த சபையின் தொடக்கம் அதுவே. 1834இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனரிமார் பாக்கு நீரிணையைக் கடந்து மதுரையில் ஒரு கிளையை அமைத்தனர். மதுரை அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தின் பிள்ளை என்று சொல்வது மிகையாகாது. பின்னர் 1902இல், திருநெல்வேலியைச் சேர்ந்த வே. ச. அசரியா என்ற இளைஞர் யாழ்ப்பாணம் வந்தார். இங்குள்ள கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தைக் கொண்டு தமிழகத்துக்கு ஊழியரை அனுப்பிவைப்பதைக் கண்டு வியந்தார். மறு ஆண்டு, 1903இல், இந்திய மிஷனரிச் சங்கம் திருநெல்வேலியிலே உருவாயிற்று. வெள்ளையரின் தயவின்றித் தமிழ்ச் சபை தன் காலில் நிற்கமுடியும் என்ற எண்ணத்துக்கு யாழ்ப்பாணம் அவருக்கு ஒரு சான்றாக அமைந்தது.

1908இல், தென்னிந்தியாவின் பிரெஸ்பிற்றேரியன், கொங்கிரிகேஷனல் சபைகள் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபை என ஒன்றாயின. மதுரையோடு இரத்த உறவு கொண்ட யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளும் அதிலே சேர்ந்துகொண்டன. எனவே 1947இல் பெரிய ஐக்கியம் பிறந்தபோது, யாழ்ப்பாணம் ஏற்கெனவே அந்த வீட்டின் உள்ளே இருந்தது. பெயரின் மர்மம் இதுதான்.

பெரிய ஐக்கியத்தின் வித்து தரங்கம்பாடியிலே விழுந்தது. 1919 மே முதலாம் இரண்டாம் நாள்களில், சீகன்பால்கு கரையேறிய அதே ஊரில், 33 பேர் கூடினர். பெரும்பாலோர் இந்தியக் குருமார். அவர்களுள் முதன்மையானவர், 1912இல் அங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சராகத் தோர்ணக்கல்லில் அமர்ந்துவிட்ட அசரியா. சுவிசேஷப் பணியைப் பற்றிப் பேச வந்தவர்கள் சபை ஐக்கியத்தைப் பற்றிய அறிக்கையோடு திரும்பினர். தாங்கள் உண்டாக்காத பிரிவினைகளைத் தாங்கள் ஏன் சுமக்கவேண்டும் என்பதே அவ்வறிக்கையின் சாரம்.

இதன் வேதனையைப் புரிந்துகொள்ளத் திருவிருந்தை நினைத்துப் பார்க்கவேண்டும். அப்பமும் இரசமும் பகிர்ந்துண்ணும் அந்தச் சடங்கே கிறிஸ்தவ வழிபாட்டின் நடுநாயகம். கொங்கிரிகேஷனல் போதகருக்குப் பேராயரின் கை வைத்து அளித்த குருத்துவம் இல்லை. ஆகவே அவர் நடத்தும் திருவிருந்தில் அங்கிலிக்கன் சபையார் கைநீட்டி வாங்குவதை அவர்களுடைய திருச்சபை ஒழுங்கு அனுமதிக்கவில்லை. ஒரே மொழியில் செபித்து, ஒரே வேதாகமத்தை வாசித்தவர்கள் ஒரே மேசையில் அமர முடியாதிருந்தனர். பந்தியில் விலக்கு என்றால் என்ன என்பது நம் சமூகத்துக்குச் சொல்லித்தர வேண்டிய ஒன்றல்ல.

இங்கே ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். மேசை பிரிந்திருந்த காலத்திலும் தமிழ் மொழி அவர்களைச் சேர்த்தே வைத்திருந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் லூத்தரன் மரபில் வளர்ந்தவர். அவருடைய கீர்த்தனைகளை அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் அமெரிக்க மிஷனாரும் தம்முடையவை என்றே பாடினர். வேதாகமத்தின் தமிழ் மொழிபெயர்ப்பிலும் அவ்வாறே. 1850இல் வெளிவந்த, பேர்சிவல் பாதிரியார் தலைமையிலான மொழிபெயர்ப்பிலே ஆறுமுக நாவலரின் கைவண்ணம் இருந்ததை அறிவோம். தென்னிந்தியாவில் அது நிலைபெறவில்லை. பின்னர் பல மிஷன்களின் அறிஞர்கள் கூடியமர்ந்து, பவர் ஐயரின் தலைமையிலே செய்து 1871இல் முழுமையாக வெளியிட்ட திருப்புதலே எல்லாச் சபைகளிலும் வேரூன்றிற்று. ஐக்கியத் திருப்புதல் என்ற பெயர் அதற்கு வழங்கிற்று. சபைகள் ஒன்றாவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னமே அவர்களின் நூல் ஒன்றாகிவிட்டது.

தரங்கம்பாடி அறிக்கையிலிருந்து ஐக்கிய நாள்வரை 28 ஆண்டுகள் சென்றன. 1920இல் அங்கிலிக்கரும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் கூட்டுக்குழு அமைத்தனர். 1925இல் மெதடிஸ்தர் வந்து சேர்ந்தனர். 1929இல் ஐக்கியத் திட்டம் அச்சேறிற்று. அதன்பின் பலமுறை திருத்தப்பட்டது. சிக்கல் பேராயர் பதவியிலேதான். பேராயரின்றித் திருச்சபை இல்லை என்றது ஒரு சாரார் நிலை. பேராயர் வந்தால் சபையாரின் உரிமை போய்விடும் என அஞ்சியது மற்றச் சாரார். கடைசியில் எட்டப்பட்ட இணக்கம் இவ்வாறு அமைந்தது. புதிய திருச்சபையிலே பேராயர்கள் இருப்பார்கள். ஆனால் தெரிவுமுறைப்படி வந்து, யாப்புக்குக் கட்டுப்பட்டு நடப்பார்கள். இணையும் சபைகளின் குருமார் எவரும் மறுமுறை அபிஷேகம் பெறத் தேவையில்லை. அனைவரும் சமமான குருமாராக ஏற்கப்படுவர். இனிமேல் குருத்துவம் பெறுவோர் யாவரும் பேராயரின் கையாலேயே பெறுவர். மனம் ஒப்பாத சபையின்மீது, அதன் பழைய மரபுக்கு ஒவ்வாத போதகர் எவரும் திணிக்கப்படார். பிறநாட்டுத் தாய்ச்சபைகளிலிருந்து வரும் குருமாரைப் பற்றிய ஒழுங்குக்கு முப்பது ஆண்டு இடைக்காலம் வகுக்கப்பட்டது. அதாவது, ஒரு தலைமுறைக் காலம் சேர்ந்து வாழ்ந்தபின் எஞ்சியதைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று விட்டனர். திருமணத்துக்கு முன் எல்லாவற்றையும் பேசித் தீர்க்கமுடியாது என்பதை உணர்ந்த பெரியோரின் விவேகம் அது.

அசரியா அந்த நாளைக் காணவில்லை. 1945 ஜனவரி முதலாந் திகதி அவர் காலமானார். 1947 செப்டெம்பர் 27ஆந் திகதி, இந்தியா சுதந்திரம் பெற்று ஆறு கிழமைகள் கழிந்த நிலையில், சென்னை சென். ஜோர்ஜ் பேராலயத்திலே தென்னிந்திய திருச்சபை தொடக்கிவைக்கப்பட்டது. பேராயரை மறுத்த மரபினரும் பேராயரின்றி அமையாத மரபினரும் உலகில் முதன்முதலாக ஒரே திருச்சபையாயினர். 14 ஆதீனங்கள் அன்று அமைந்தன. சென்னைப் பேராயர் மைக்கேல் ஹொலிஸ் முதற் பிரதமப் பேராயரானார். மதுரைக்கு லெஸ்லி நியூபிகின். யாழ்ப்பாணத்துக்குச் சபாபதி குலேந்திரன்.

பேராயர் குலேந்திரனின் தெரிவு தனித்துக் கூறவேண்டியது. பேராயர் என்ற சொல்லையே ஐயத்தோடு நோக்கிய அமெரிக்க மிஷன் சபைகளுக்கு முதற் பேராயராக வந்தவர் வெள்ளையரல்லர், யாழ்ப்பாணத்துத் தமிழர். 1970வரை 23 ஆண்டுகள் அப்பணியில் இருந்தார். இந்து சமயத்திலும் கிறிஸ்தவத்திலும் அருள் எனும் கோட்பாட்டை ஒப்பிட்டு ஆங்கிலத்தில் நூல் எழுதிய அவரே, 1967இல் ‘கிறிஸ்தவ தமிழ் வேதாகமத்தின் வரலாறு’ என்ற நூலையும் தந்தார். சபைகளின் ஐக்கியத்தில் பங்குகொண்டவர், அதற்கு முந்திய மொழியின் ஐக்கியத்தை வரலாறாக எழுதினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆதீனம் என்ற சொல்லையும் கவனியுங்கள். திருநெல்வேலியார் திருமண்டலம் என்பர். சென்னையார் பேராயம் என்பர். யாழ்ப்பாணத்தார் எடுத்துக்கொண்டது சைவ மடங்களின் மரபிலே வழங்கும் ஆதீனம் என்ற சொல். எங்கே வாழ்கிறோம், யார் நடுவே வாழ்கிறோம் என்பதை அச்சொல் காட்டி நிற்கிறது.

வழிபாட்டிலும் புதிய திருச்சபை துணிவு காட்டிற்று. 1950இல் தோன்றிப் பின்னர் 1963இல் முழு வழிபாட்டு நூலிலே இடம்பெற்ற திருவிருந்து ஆராதனையில், குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டாமல் மேசையின் பின்னே நின்று மக்களை நோக்குகிறார். சமாதான வாழ்த்து கைகளின் வழியே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது. இது கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவரின் பழைய வழக்கத்திலிருந்து பெற்றது. மேலைத் தேசத்துச் சபைகள் பலவும் பிற்காலத்தில் இந்த முறைகளைக் கைக்கொண்டன.

ஆயினும் ஐக்கியத்துக்கு வெளியே நின்றோரும் உண்டு. ஆந்திரத்து நந்தியால் பகுதியின் அங்கிலிக்கன் சபைகள் பல சேர மறுத்தன. 1948இல் கூடிய லம்பெத் மாநாட்டிலே, புதிய திருச்சபையின் குருத்துவம் பற்றி உலக அங்கிலிக்கன் பேராயர்கள் ஒருமனப்படவில்லை. லூத்தரன் திருச்சபையுடன் நீண்டகாலம் பேச்சு நடந்தும் இணைப்பு வரவில்லை. காலம் செல்லச் செல்லச் சில கதவுகள் திறந்தன. நந்தியால் சபைகள் பின்னாளில் உள்ளே வந்தன. இத்திருச்சபை உலக அங்கிலிக்கன் ஐக்கியத்தின் உறுப்பாகவும் ஏற்கப்பட்டது. தயங்கி நின்ற அந்த நந்தியால் ஆதீனமே 2013இல் புஷ்பலலிதா அம்மையாரைப் பெற்றது. தென்னிந்திய திருச்சபையின் முதற் பெண் பேராயர் அவர்.

இலங்கையில் நிலைமை வேறாயிற்று. அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகள் மட்டுமே தென்னிந்திய திருச்சபைக்குள் சென்றன. யாழ்ப்பாணத்து அங்கிலிக்கர் கொழும்பு மறைமாவட்டத்தோடு நின்றனர். மெதடிஸ்தர் தம் இலங்கைத் திருச்சபையோடு நின்று 1964இல் தன்னாட்சி பெற்றனர். ஆகவே தமிழகத்தில் ஒன்றாகிவிட்ட மூன்று மரபுகள், அவற்றுள் இரண்டைத் தென்னிந்தியாவுக்கு அனுப்பிவைத்த யாழ்ப்பாணத்திலே மூன்றாகவே எஞ்சின. 1940களிலிருந்து இலங்கைக்கெனத் தனியான ஐக்கியத் திட்டம் பேசப்பட்டது. அதிலே பப்ரிஸ்தரும் இணைந்திருந்தனர். 1970களின் தொடக்கத்தில் கனியும் தறுவாயில் இருந்த அத்திட்டம் நீதிமன்ற வழக்கினால் தடைப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது.

இதுவரை சொன்னது முதற் பந்தியின் கதை. இன்னொரு பந்தியும் இருந்தது. அமெரிக்கர் விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, உயர்சாதிப் பிள்ளைகள் மிஷன் வளவில் சமைத்த உணவை உண்ண மறுத்தனர்; வேறாகச் சமையல் ஒழுங்கு செய்யவேண்டியிருந்தது. மதுரை மிஷனிலே 1840களின் பிற்பகுதியில், ஊழியர் யாவரும் சாதி பாராது கூடியுண்ண வேண்டும் என அன்பின் விருந்து வைத்தபோது பலர் வேலையை விட்டே விலகினர். யாழ்ப்பாணத்தில் 1920களிலும் 1930 அளவிலும் சமாசனம், சமபந்தி எனும் சொற்கள் பாடசாலைகளைக் கலக்கின. சில பாடசாலைகள் தீயிடவும்பட்டன. அக்காலத்தில் அவற்றுக்காகக் குரல் எழுப்பிய வாலிப காங்கிரஸின் முன்னணியில், யாழ்ப்பாணக் கல்லூரியின் புதல்வரான ஹண்டி பேரின்பநாயகம் நின்றார்.

ஐக்கியப் பேச்சின் 28 ஆண்டுகளில் பேராயரின் கை எந்தத் தலையில் படவேண்டும் என்பது துருவித் துருவி ஆராயப்பட்டது. பக்கத்து வாங்கில் எவர் அமர்வார், எவர் வீட்டில் எவர் உண்பார், எவர் பிள்ளையை எவர் மணப்பார் என்பவை அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. மேலைத்தேயம் தந்த பிரிவினைகளை யாப்பினால் நீக்கமுடிந்தது. நம் சொந்தப் பிரிவினை யாப்புக்குள் அகப்படாமலே நின்றது. ஆந்திரத்திலும் தமிழகத்திலும் ஒடுக்கப்பட்ட மக்களே இத்திருச்சபையின் பெரும்பான்மையினர். அவர்கள் தம் பங்கைக் கேட்டு எழுப்பிய குரல் பிற்காலத்திலேதான் ஆலோசனைச் சபைகளில் ஓங்கி ஒலித்தது.

யாழ்ப்பாணத்துச் சபைகள் வேறொரு சோதனையையும் கண்டன. 1990இலிருந்து தெல்லிப்பழை வட்டாரத்து மக்கள் நெடுங்காலம் தம் வீடுகளையும் தேவாலயங்களையும் பிரிந்திருந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. பாடசாலைகளிலும் தேவாலயங்களிலும் கோயில் மண்டபங்களிலும் தங்கியவர்களிடம் எந்தச் சபை, எந்தச் சமயம் என்று கேட்டுக்கொண்டிருக்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. எந்த யாப்பும் கொண்டுவராத பந்தியைத் துயரம் கொண்டுவந்தது.

ஆனால் துயரம் தந்த ஒற்றுமை துயரத்தோடு போய்விடுவதும் உண்டு. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எழுந்த பிணக்குகளின் பின், சில சபைகள் யாழ்ப்பாண ஆதீனத்தை விட்டு விலகித் தனித் திருச்சபையாயின. அவை தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் அமெரிக்க இலங்கை மிஷன் திருச்சபை. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பிரியும் வேளையில் அவர்களுக்கு ஆயத்தமாக ஒரு பெயர் காத்திருந்தது என்பதே நாம் கவனிக்கவேண்டியது. அறுபது ஆண்டு ஐக்கியம் பழைய பெயரை அழிக்கவில்லை. ஊரின் நாவிலே அது உயிரோடு இருந்தது.

ஆகவே ஐக்கியத் திருச்சபையின் அடையாளம் எது? யாப்பிலே எழுதிய ஒருமை ஒன்று. ஒவ்வோர் ஊரும் தன் மிஷனரியையும் தன் பாடசாலையையும் தன் மூதாதையரையும் வைத்துக் காக்கும் நினைவு மற்றொன்று. நினைவைப் பழித்துப் பயனில்லை. எழுத்தும் மருத்துவமும் பெண்கல்வியும் அந்த நினைவுக்குள்தான் இருக்கின்றன. ஆனால் 1919இல் தரங்கம்பாடியிலே கூடியோர் கேட்டது, யாருடைய மிஷன் பெரியது என்றல்ல. ஒரே ஆண்டவரின் பெயரால் கூடுவோர் ஏன் ஒரே மேசையில் உண்ணலாகாது என்றே கேட்டனர். அக்கேள்விக்கு 1947 செப்டெம்பரில் பாதி விடை கிடைத்தது. மீதி விடையை எந்தப் பேராலயத்திலும் தேடவேண்டியதில்லை. வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும், மதுரையிலும் நந்தியாலிலும், ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருவோர் அன்று மதியம் யாரோடு அமர்ந்து உண்கிறார்கள் என்பதிலேதான் அது இருக்கிறது.